இடம் காலியாக இருப்பது யாருக்குத் தெரியும்?

சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் சிறிய பாலர் பள்ளிகளின் முதல்வர்களுக்கும் ஆசிரியைகளுக்கும், அவற்றை நடத்தும் கோயில், சங்க நிர்வாகக் குழுவினருக்கும்,



தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஆண்டுதோறும் எனக்கு இரண்டு வகைத் தொலைபேசி அழைப்புகள் வரும். ஒன்று பெற்றோரிடமிருந்து: "டீச்சர், நல்லாத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பாலர் பள்ளி ஒண்ணு சொல்லுங்களேன், தேடித் தேடிப் பார்த்துட்டோம்." இன்னொன்று உங்களிடமிருந்து: "டீச்சர், அடுத்த வருஷம் நர்சரிக்குப் பிள்ளைங்களே சேரல, தெரிஞ்சவங்க இருந்தா அனுப்பிவைங்க." இரு தரப்பும் சில சமயம் ஒரே பேட்டையில் இருக்கிறார்கள். பாலர் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான் நடுவே தரகு வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு நான் தேவைப்படவே கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் அது நேரே பணத்துக்குத்தான் போகிறது. பத்திரிகையில் அரைப்பக்கம் போடலாமா, பெரிய பதாகை கட்டலாமா, ஃபேஸ்புக்கில் காசு கட்டலாமா. கடைசியில் "நிதி இல்லை" என்று முடித்துக் காப்பியும் வடையும் சாப்பிட்டுக் கலைகிறோம். நிதி இருந்தாலும் அப்படிச் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்குமுன் ஒரு கசப்பான கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பிள்ளைகளே குறைவு. 2023இல் சிங்கப்பூரின் பிறப்பு விகிதம் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே இறங்கியது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 பிள்ளை. பிறக்கும் பிள்ளைகளையும் பெரிய நடத்துநர்கள் இருகரம் நீட்டி வரவேற்கிறார்கள். மசெக சமூக அறநிறுவனத்தின் ஸ்பார்க்கல்டாட்ஸ், என்டியுசியின் மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற முதன்மை நடத்துநர்களிடம் முழுநாள் பராமரிப்புக் கட்டண உச்சவரம்பு 2025இல் 640 வெள்ளி, 2026இல் 610 வெள்ளி. பங்காளி நடத்துநர்களுக்கு அது 680, பிறகு 650. குடியுரிமை பெற்ற பிள்ளையாக இருந்து, தாயும் வேலை பார்த்தால், இதிலிருந்து மாதம் 300 வெள்ளி அடிப்படை மானியம் கழியும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதற்கு மேலும் கழியும். பாலர் பள்ளிப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினருக்கு அரசாங்க ஆதரவு பெற்ற நிலையங்களில் இடம் தருவது என்று அரசாங்கமே இலக்கு வைத்து வேலை செய்திருக்கிறது. இன்னொன்று: கிஃபாஸ் என்னும் பாலர் பள்ளிக் கட்டண உதவி, கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலும் முதன்மை நடத்துநர்களின் பாலர் பள்ளிகளிலும் மட்டுமே கிடைக்கும். உங்களில் பலரிடம் அது இல்லை. வசதி குறைந்த ஒரு தாய் உங்கள் வாசலுக்கு வந்தால் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு தானே கண்டுபிடித்து அவர் போய்ச் சொல்லும் வார்த்தையை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடியாது.

ஆக, விலையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. கட்டடத்திலும் முடியாது. ஆனால் பத்து இருபது தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து தமிழில் சண்டை போட்டுக்கொள்ளும் வகுப்பு உங்களிடம் இருக்கிறது. பெரிய நிலையங்கள் பலவற்றில் ஒரு நிலைக்கு இரண்டோ மூன்றோ தமிழ்ப் பிள்ளைகள்; ஆசிரியை ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் தமிழ் கற்பிக்கின்றன, நன்றாகவே கற்பிக்கின்றன. அங்கேயும் இடைவேளையில் பிள்ளைகளின் பேச்சு ஆங்கிலம்தான். இடைவேளைத் தமிழ் உங்களிடம்தான் இருக்கிறது. அது எந்தத் துண்டறிக்கையிலும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. "முழுமையான கல்வி", "பாதுகாப்பான சூழல்" என்றுதான் எழுதுகிறீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதிலும் குழப்பம். உங்கள் வாசலுக்கு வரக்கூடிய பெற்றோர் இரண்டு வகை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் முதல் வகை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. இந்தப் பெற்றோர் ஆங்கிலம் பேசும் பக்கத்தில் இருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் பிள்ளை தமிழில் திணறுமோ, தங்களால் வீட்டில் சொல்லித்தர முடியாதே என்பதுதான் அவர்களின் பயம். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து செங்காங்கிலோ பிடோக்கிலோ வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் பிள்ளை தமிழ் பொரிந்து தள்ளும், ஆங்கிலம்தான் வராது. வேறொரு நிலையத்தில் சேர்த்துவிட்டு, "தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாம நாள் முழுக்க இருந்திருக்கு டீச்சர்" என்று கண் கலங்கிய தாயை எனக்குத் தெரியும். இவர்களுக்கு மானியம் கிடையாது, அது குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. அதனால் மேலே போட்ட விலைக்கணக்கு இவர்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தாது. தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியை இருக்கிறார், ஆங்கிலத்துக்குப் பிள்ளையை மெல்லக் கைபிடித்துக் கூட்டிப்போவார் என்பதுதான் அவர்கள் கேட்க விரும்பும் சேதி.

ஒரே வகுப்பு, இரண்டு நேரெதிர்க் கவலைகளுக்கு மருந்து. ஆனால் ஒரே துண்டறிக்கை இரண்டு பேரிடமும் பேசாது. நான்கு வரியில் இரண்டு தனித்தனிக் குறிப்புகள் எழுதுங்கள். எழுத உங்கள் ஆசிரியைகள் போதும். விளம்பர நிறுவனம் வேண்டாம்.

இனிச் செலவில்லாத வேலைகள். முதலாவது தொலைபேசி. என் உறவுக்காரப் பெண்ணுக்காக ஒரு பள்ளிக்கு நான் அழைத்தபோது, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெயர் வேண்டாம். அந்நேரம் ஆசிரியைகள் எல்லாரும் வகுப்பில், எழுத்தர் அரைநாள். அழைத்தவர் யார் என்று மறுநாள்கூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோர் மதிய உணவு நேரத்திலோ, இரவு ஏழு மணிக்குமேலோதான் அழைப்பார்கள். அந்த நேரத்தில் எடுக்க ஒரு கைப்பேசி, எடுப்பதற்கு ஒரு மனிதர். எடுக்க முடியாமல் போனால் அன்றிரவுக்குள் ஒரு பதில். எடுத்தவுடன் தமிழில் "வணக்கம்" சொன்னால் பாதி வேலை முடிந்தது. மறுமுனையில் இருப்பவர் தமிழ் தேடித்தான் அழைத்திருக்கிறார்.

அடுத்தது, பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் தேடுதளம். பெற்றோர் அங்கேதான் முதலில் போகிறார்கள்; எந்த வட்டாரம், என்ன கட்டணம், எந்தத் தாய்மொழி என்று வடிகட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் பள்ளிப் பெயருக்கு நேரே தமிழ் என்று குறித்திருக்கிறதா, காலியிட விவரம் பழையதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கூகல் வரைபடத்திலும் அப்படியே. பள்ளிக்கூட வாசல் எது, மழை பெய்தால் எந்தப் பக்கம் இறக்கிவிடலாம், எம்ஆர்டியிலிருந்து தள்ளுவண்டியோடு எப்படி வரலாம் என்று நாலு படம் போட்டால் அது ஒரு தாய்க்கு உங்கள் கல்விக் கொள்கையைவிடப் பெரிய உதவி. பெற்றோரிடம் மதிப்புரை கேட்கலாம், தமிழிலேயே எழுதச் சொல்லலாம். காசு கொடுத்து எழுதவைக்காதீர்கள்; படித்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு தங்கை செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அரை நிமிடம் தமிழில் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்வாள். பாட்டும் செய்யுளும் இல்லை, சும்மா பேச்சு. "இன்னிக்கு மீன் தொட்டிக்குள்ள ஒரு மீன் செத்துப்போச்சு, நாங்க புதைச்சோம்." அவ்வளவுதான். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் அனுப்புவாள். அம்மா பாட்டிக்கு அனுப்புவார். பாட்டி என்ன செய்வார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈசூனில் ஆரம்பித்த மீன் செத்த கதை தேக்கா ஈரச்சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கும் இடம்வரை போய்ச் சேரும். "என் பேத்தி பேசுறத கேளு" என்று கைப்பேசியை நீட்டும் பாட்டியைவிட நம்பகமான விளம்பரதாரர் இந்த ஊரில் இல்லை. நண்பகலில் பிள்ளையைக் கூப்பிட வாசலில் நிற்பவர்களும் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தாம். அவர்களுக்கு இரண்டு நாற்காலி போடுங்கள். நாலு வார்த்தை பேசுங்கள். கூட்டக் குறிப்பில் "பெற்றோர் ஈடுபாடு" என்று எழுதுகிறோமே தவிர, வாசலில் வெயிலில் நிற்கும் அந்த மனிதரை யாரும் கவனிப்பதில்லை.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆர்வத்தில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோயில் விழாவில் பதிவுசெய்த தொலைபேசி எண்களை எடுத்து "எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று மொத்தமாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2014 முதல் "அழைக்க வேண்டாம்" பட்டியலும் இருக்கிறது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஒப்புதல் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் அறிவிப்பு ஒட்ட நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். கதவுக் கம்பியில் துண்டறிக்கை செருகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலையில் துப்புரவு ஊழியர் அள்ளிப்போடுவது பார்க்கப் பாவமாக இருக்கிறது.

லிட்டில் இந்தியாவுக்கு வருகிறேன். உங்களில் பலர் தீபாவளி ஒளியூட்டு நாள்களில் சிராங்கூன் சாலையில் நின்று துண்டறிக்கை கொடுக்கத் திட்டமிடுவீர்கள். அந்த நெரிசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் பலகாரப் பையோடு நடக்கும் தகப்பனிடம் ஒரு காகிதத்தைத் திணித்தால் அது அடுத்த குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். கூட்டம் இருக்கும் நாளைவிட உங்கள் ஆள்கள் இருக்கும் நாள் முக்கியம். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், தாத்தா முதல் கைக்குழந்தைவரை. லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது சின்னப் பிள்ளைகளுக்கென்றே பெற்றோர் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே விஜயதசமி. சில கோயில்களில் அன்று மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். அடுத்த ஆண்டு நர்சரிக்குப் போகவேண்டிய தமிழ்ப் பிள்ளைகள், பெற்றோரோடு, எழுத்து நினைப்போடு ஒரே மண்டபத்தில் கூடும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான். அந்த மண்டபத்தில் உங்கள் ஆள் ஒருவர்கூட இருப்பதில்லை. கோயில் நடத்தும் பள்ளிகளே இதைக் கோட்டைவிடுவது எனக்கு விளங்கவில்லை.

போய் என்ன செய்வது? துண்டறிக்கை வேண்டாம். நிர்வாகத்திடம் கேட்டு ஒரு சின்ன மேசை, தடித்த அட்டைகள், நல்ல மார்க்கர் பேனா, கையெழுத்து அழகாக இருக்கும் ஓர் ஆசிரியை. பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வரிசை நிற்கும். இந்தக் காலத்துப் பெயர்கள் பெற்றோரையே திணறடிப்பவை. "ஆராத்யாவுக்குத் ‘த்’ போட்டு ‘யா’வா டீச்சர்?" என்று அம்மா தயங்குவார்; அப்பா தன் கைப்பேசியில் ஏதோ தேடுவார்; நடுவில் பாட்டி ஒரு தீர்ப்புச் சொல்வார். நீங்கள் எழுதி முடித்ததும் பிள்ளை அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். அது வீட்டுக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்படும். அட்டையின் பின்பக்கம் உங்கள் பள்ளியின் பெயர், எம்ஆர்டி நிலையம், வந்து பார்க்கக்கூடிய சனிக்கிழமை. மொத்தச் செலவு அட்டைக்கும் பேனாவுக்கும்தான்.

கோயிலோடு நிறுத்திக்கொண்டால் தமிழர்களில் ஒரு பகுதியினரை விட்டுவிடுகிறோம். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுந்த லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது; ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. அட்டையும் பேனாவும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். உங்கள் பள்ளிக்குக் கோயில் பெயர் இருந்தால், வகுப்பில் சமயம் கற்பிப்பதில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கத் தயங்கி ஒதுங்கிப்போகும் முஸ்லிம், கிறிஸ்துவப் பெற்றோர் உண்டு. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் தமிழ் மொழி விழா நடக்கிறது. பெரிய அமைப்புகள் பட்டிமன்றம் போடட்டும், நீங்கள் நூலகத்தில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரக் கதை சொல்லுங்கள்.

பள்ளியை வந்து பார்க்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு விழாவைத்தான் நாம் பெரிய விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாடகை மண்டபம், வாடகை உடை, சிறப்பு விருந்தினர், அவருக்குப் பொன்னாடை, இரவு ஒன்பது மணிக்குத் தூங்கி விழும் ஐந்து வயதுப் பிள்ளைகள். அந்தப் பணத்தில் தமிழாசிரியையின் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் அவர் அடுத்த ஆண்டும் இருப்பார். பாலர் பள்ளித் தமிழாசிரியைகள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவர் போனால் அவரை நம்பிச் சேர்த்த பெற்றோரும் போவார்கள். விழாவுக்குப் பதில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பைத் திறந்துவையுங்கள். வருகிற பிள்ளை மாவு பிசையட்டும், தண்ணீர் ஊற்றி விளையாடட்டும், ஆசிரியை தமிழில் பேசிக்கொண்டே இருக்கட்டும். எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளுக்கான அடுத்த ஆண்டுப் பதிவு, ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. அந்தப் பள்ளியில் படித்தால் அதே வளாகத் தொடக்கப்பள்ளியில் சேர முன்னுரிமை உண்டு என்பதால் பெற்றோர் அதற்குப் பறக்கிறார்கள். நீங்கள் செப்டம்பரில் கதவைத் திறந்தால், யோசித்து முடித்தவர்களுக்குக் கதவைத் திறக்கிறீர்கள். ஜனவரியிலேயே திறங்கள்.

ஒன்றைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். "தமிழை வாழவைக்க உங்கள் பிள்ளையை இங்கே சேருங்கள்" என்று எழுதாதீர்கள். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கி, பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தீவின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அது. அங்கே ஆசிரியர்கள் மோசம் என்று யாரும் சொன்னதில்லை. தமிழ்ப்பற்றுக்கும் குறைவில்லை. பெற்றோர் பிள்ளையின் வேலை வாய்ப்பைப் பார்த்தார்கள், ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் பீட்டி சாலையில் தமிழ்மொழி நிலையமாக வாழ்கிறது. கடமையைச் சொல்லி நன்கொடை வாங்கலாம்; 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு மூலம் "தமிழ் எங்கள் உயிர்" என்று குரல் கொடுத்தபோது மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காகச் சாதாரண உழைப்பாளிகளும் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார்கள். பணம் தருவது வேறு, பிள்ளையைத் தருவது வேறு. பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரிய நடத்துநர்களிடம் ஒரே நிர்வாகத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கிளைகள். ஒன்றில் இடமில்லையென்றால் அடுத்ததைக் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் தனித்தனித் தீவு. பெற்றோர் உங்களிடம் வந்து, வீடு தூரம் என்றோ இடமில்லை என்றோ திரும்பிப்போனால் அடுத்த பள்ளியின் பெயரைச் சொல்லி அனுப்புகிறீர்களா? போட்டி என்று நினைக்கிறீர்கள். உட்லண்ட்ஸில் இருக்கும் தாய் தினமும் ஃபேரர் பார்க்குக்கு வரப்போவதில்லை. அவரை நீங்கள் இழக்கவில்லை, தமிழ் வகுப்புதான் இழக்கிறது.

அதனால் ஒரு வேலையை நான் எடுத்துச் செய்கிறேன். ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல். மாதம் ஒருமுறை புதுப்பித்து உங்கள் எல்லாருக்கும் அனுப்பிவைக்கிறேன். நீங்கள் அதை உங்கள் வாசலிலும், உங்களுக்குத் தெரிந்த பிள்ளை மருத்துவரின் மருந்தகத்திலும், நூலகப் பலகையிலும் கேட்டு ஒட்டுங்கள். எனக்கு வேண்டியது ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து விவரம்: பள்ளியின் பெயர், பக்கத்து எம்ஆர்டி நிலையம், எந்த வயதிலிருந்து தமிழ் வகுப்பு, வரும் ஜனவரிக்கு எத்தனை இடம், எத்தனை மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார். கடைசி விவரம் இல்லாத பள்ளியைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், விஜயதசமிக்கு அச்சடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்